ஓலைக் கொட்டானில் போன ஊசி

வன்னியபெருமாள் அண்ணாச்சிக்குக் காலையில் இரண்டு வேலை. ஒன்று, கடையின் உள்ளறையைத் தாழ்போட்டுக்கொண்டு வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வது. இரண்டு, வெளியே வந்து உட்கார்ந்து, "உடன்குடிக் கருப்பட்டி திங்கிறவன் வீட்டுப் பக்கம் சர்க்கரை நோய் எட்டிப் பாக்காதுய்யா" என்று மில்லர்புரத்துக்கே கேட்கிற மாதிரி வியாபாரம் பார்ப்பது. நான்கு வருஷமாக இரண்டையும் முகம் கோணாமல் செய்துவந்தார்.

விஷயம் வெளியே தெரிந்தால் கருப்பட்டியை எவன் வாங்குவான்? அதனால் போட்ட ஊசிகளை, கருப்பட்டி கட்டிக் கொடுக்கிற பனையோலைக் கொட்டானில் சேர்த்துவைப்பார். ஒரு வாரம் ஆனதும் வாயை மடக்கி, நாரால் இரட்டை முடிச்சுப் போட்டுக் குப்பையோடு கொடுத்துவிடுவார். இத்தனை காலம் கருப்பட்டியைக் காத்த ஓலை, ஊசியையும் காக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. கருப்பட்டி ஓலையைக் குத்தாது, ஊசி குத்தும். இந்தச் சின்ன விஷயம் அந்தப் பெரிய மனுஷன் மண்டையில் ஏறவில்லை, பாருங்கள்!

கடைக்கு எதிரே ஒரு மையம் இருந்தது. போதை ஊசிப் பழக்கத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் புது ஊசி கொடுத்து, பழைய ஊசியைத் திரும்ப வாங்கி, நோய் பரவாமல் பார்த்துக்கொள்ளும் இடம். பழக்கத்தை விட நினைப்பவர்களுக்கு மருத்துவமும் உண்டு. நர்ஸ் ஏஞ்சலின்தான் பொறுப்பு. அண்ணாச்சிக்கு அதைக் கண்டாலே ஆகாது. "ஊசியக் குடுத்து ஊரையே கெடுக்காவ" என்று தெருவில் நாற்பது கையெழுத்து வாங்கி, மாநகராட்சிக்கு மனு எழுதி மேசைக்குள் வைத்திருந்தார்.

மனுவைக் கொடுக்க இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. அன்று காலைதான் அது நடந்தது.

அந்தத் தெருவில் குப்பை வாங்குகிறவள் சண்முகத்தாய். பத்து மாதக் கைக்குழந்தையை அக்கா வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறவள். தெருமுனையில் பேட்டரி வண்டியை நிறுத்தி, குப்பையைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். ஓலைதானே, மக்கிவிடும் என்று ஒரு கொட்டானைப் பச்சைக் கூடையில் வைத்து அமுக்கினாள்.

"யம்மா!"

கையுறையைத் தாண்டி உள்ளங்கையில் ஊசி நின்றது. ரத்தம் கசிந்தது. கூட்டம் கூடிவிட்டது.

"எல்லாம் எதிர்த்த மையத்து ஊசிதான்! நான் அப்பமே சொன்னேம்லா?" என்று முதல் ஆளாகக் கத்தியது அண்ணாச்சிதான். கத்திக்கொண்டே குனிந்து பார்த்தவர், ஓலையில் தன் இரட்டை முடிச்சைக் கண்டார். மெல்லக் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

ஏஞ்சலின் ஓடிவந்து சண்முகத்தாயைக் குழாயடிக்கு இழுத்துப்போனாள். "பிதுக்காத, வாயில வைக்காத. சோப்புப் போட்டுக் கழுவு, தண்ணி நல்லா ஓடட்டும்" என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "நாங்க வாங்குற ஊசி எல்லாம் கெட்டி டப்பாவுக்குள்ளதான் போகும். ஓலையில போடுதது நாங்க இல்ல."

அதை யார் கேட்டார்கள்? மையத்தின் போர்டை ஒருவன் எட்டி உதைத்தான். அந்தத் தெருவில் ஓலைக் கொட்டான் இல்லாத வீடு ஏது? யாரை என்று கேட்பது?

"சிஸ்டர், என் பிள்ளைக்குப் பால் குடுக்கலாமா?" என்று கேட்டாள் சண்முகத்தாய்.

"டாக்டர் பாத்துச் சொல்லட்டும்ளா, அதுவரைக்கும் பொறு. யாரு ஊசின்னு தெரிஞ்சா அவங்க ரத்தத்தைச் சோதிச்சு இன்னைக்கே ஒரு முடிவு சொல்லிருவாங்க. தெரியலன்னா எய்ட்ஸ் வராம இருக்க இருபத்தெட்டு நாள் மாத்திரை, அப்புறம் மாசக்கணக்குல டெஸ்ட்."

"அவன் புட்டிப்பால் குடிக்க மாட்டானே சிஸ்டர்..." ஏஞ்சலினோடு ஆட்டோ ஏறும்வரை அவள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சி கடையில் போய் உட்கார்ந்தார். உட்கார முடியவில்லை. யாரோ அரைக் கிலோ கேட்க, ஒரு கிலோவை நிறுத்துக் கொடுத்தார். சில்லறை எடுக்க மேசையைத் திறந்தால் மனு கிடந்தது. நாற்பது கையெழுத்தில் முதல் கையெழுத்து அவருடையது. "அடப் பாவி மனுஷா" என்று தன்னையே திட்டிக்கொண்டு, ஷட்டரை இழுத்துவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

"ஏளா சண்முகத்தாய், அது என் ஊசி. எனக்குச் சர்க்கரை. நாலு வருசமா ஊசி போடுதேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இத அங்கனயே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி? ரெண்டு மணி நேரமா உசுரு கையில இல்ல எனக்கு!"

அண்ணாச்சி டாக்டர் முன்னால் கையை நீட்டினார். "வேணுங்கிற அளவு எடுத்துக்கோங்க, டாக்டர்."

பிற்பகல் மூன்று மணிக்கு முடிவு வந்தது. எய்ட்ஸ் கிருமி இல்லை, ரத்தத்தில் பரவும் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் இல்லை. "மாத்திரை வேண்டாம்மா. பிள்ளைக்குத் தாராளமாப் பால் குடு. எதுக்கும் ஒரு தடவை பிறகு வந்து காட்டிட்டுப் போ" என்றார் டாக்டர். சண்முகத்தாய் அழுதாள், சிரித்தாள், ஏஞ்சலினின் போனை வாங்கி, "எக்கா, பிள்ளையத் தூக்கிட்டு வா" என்று ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். அப்பாடா! அண்ணாச்சிக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

மனு அன்றே கிழிந்தது. கையெழுத்துப் போட்ட வீட்டுக்கெல்லாம் அவரே நடந்துபோய் உண்மையைச் சொன்னார். மறுவாரம் ஏஞ்சலின் கொடுத்த கெட்டியான வெள்ளை டப்பா ஒன்று, கருப்பட்டித் தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தது. தெருவில் இன்சுலின் போடுகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து அதில் ஊசியைப் போட்டார்கள். பதினோரு பேர்! இத்தனை நாள் எல்லாருமே ஒளித்துத்தான் வைத்திருக்கிறார்கள். டப்பா நிறைந்தால் மையத்தில் வாங்கிக்கொள்வார்கள்.

ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் டப்பாவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, கருப்பட்டி தின்னா சர்க்கரை வராதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

குப்பை வாங்க வந்த சண்முகத்தாய், என்ன சொல்லப்போகிறார் என்று வண்டியை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சொன்னேன்ய்யா, பொய் சொன்னேன். எனக்கே வந்துட்டு" என்றார் அண்ணாச்சி. "நோய் வந்ததுல வெக்கம் இல்ல. போதை ஊசி போடுதவன்கூடப் பழைய ஊசியக் கொண்டாந்து டப்பாவுல போட்டான். யோக்கியன் நான் குப்பையில போட்டேன். நம்ம ஊசி அடுத்தவ கையில குத்தாமப் பாத்துக்கணும். அதப் பாக்காதவந்தான் வெக்கப்படணும்."