வாழ்த்துக்கள் என்று வந்த மரண அறிவித்தல்

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் சிவானந்தனும் மனைவி அருள்நாயகியும் இருந்தார்கள். சிவானந்தன் ஒரு காப்புறுதிக் கம்பனியின் நட்டஈட்டுப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மற்றவர்களின் உடைந்த பொருட்களைப் பார்த்து, "பழசு, தேய்மானம்" என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்புவதில் பெயர் எடுத்தவர். தன் வீட்டுப் பொருட்களுக்கு மட்டும் அவர் அந்தச் சட்டத்தைப் பாவிப்பதில்லை. ஷோகேசுக்கு மேல் பூப்போட்ட துணியில் வைத்திருந்த வைஃபை ரௌட்டருக்குப் பதின்மூன்று வயது. பச்சை லைட் எரிகிறவரை அது நலமாக இருக்கிறது என்பது அவர் முடிவு.

அருள்நாயகி காலைத் தேத்தண்ணியோடு மரண அறிவித்தல் இணையத்தளத்தைப் பார்ப்பார். யாழ்ப்பாணத்திலும் கனடாவிலும் லண்டனிலும் யார் போனார்கள் என்று தெரியாமல் அவருக்கு நாள் தொடங்காது. ஒரு திங்கட்கிழமை அதைத் திறந்தபோது, மாலை போட்ட படங்களுக்குப் பதிலாகத் தங்கக் காசு கொட்டும் சூதாட்டச் சில்லு ஒன்று சுழன்றது. கீழே, "வாழ்த்துக்கள்! இன்று உங்கள் நாள்!" என்று இருந்தது.

"இஞ்சேருங்கோ, ஆர் இந்த வீட்டில சூது விளையாடுறது?"

"இந்த வீட்டில நீரும் நானும்தான். நான் இல்லை" என்றார் சிவானந்தன்.

அந்தப் பதிலுக்குப் பிறகு இரண்டு நாள் வீட்டில் கதை இல்லை. மூன்றாம் நாள் அருள்நாயகியே மேல்மாடி றுஷ்னாவைக் கூட்டிவந்தார். றுஷ்னா மருதானையில் ஒரு கம்பனியில் நெற்வேர்க் வேலை பார்ப்பவள். ரௌட்டரைப் புரட்டி, லேபலைப் படித்து, போனில் ஏதோ தேடினாள்.

"அங்கிள், இத செஞ்ச கம்பனியே இத கைவிட்டு ஒம்பது வருஷமாச்சு. புதுசா ஒரு ஓட்ட கண்டுபிடிச்சா அடைக்க ஆளில்ல. யாரோ அதால உள்ள வந்து வழிய மாத்தி வச்சிருக்காங்க. ஆன்ட்டி ஒரு பக்கத்துக்குப் போகச் சொன்னா, இது வேற பக்கத்துக்குக் கூட்டிப் போகுது."

"லைட் எரியுதே, பிள்ளை?"

"லைட் எரியும் அங்கிள். புதுசு ஒண்டு வாங்குங்க. இத எறியத் தேவையில்ல. நேரா இன்டர்நெட்டோட பேச விடாம, புதுசுக்குப் பின்னால, கூடுதல் வயர் குத்துற பெட்டியா மட்டும் வச்சிருக்கலாம்."

சிவானந்தனின் காதில் விழுந்தது "வச்சிருக்கலாம்" என்ற கடைசிச் சொல் மட்டும். அவள் போன பிறகு, ரௌட்டரின் பின்பக்கம் 'ரீசெட்' என்று எழுதியிருந்த சின்ன ஓட்டையில் சேஃப்டி பின்னைக் குத்திப் பத்து விநாடி பிடித்தார். சில்லு போய்விட்டது. மரண அறிவித்தல்கள் திரும்பி வந்தன. அதற்குப் பிறகு லிஃப்டில் றுஷ்னாவைக் கண்டபோதெல்லாம், "ஒரு சேஃப்டி பின்னால முடிஞ்ச வேலை" என்று அவர் சொல்லத் தவறவில்லை.

பின் குத்திய பதினோராம் நாள் காலை, குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு லிங்க் வந்தது. ஐந்து நாடுகளிலுள்ள அறுபத்துமூன்று உறவினர்கள் அதில் இருந்தார்கள். போட்டவள் கொட்டாஞ்சேனையிலிருக்கும் பெரியப்பா மகன் ஞானபண்டிதனின் மகள் சுபோதினி. கூட ஒரு சொல்லும் இல்லை. சிவானந்தன் அழுத்தினார். தங்கக் காசு கொட்டியது. "வாழ்த்துக்கள்!"

அவருக்கு ஒரு பெரும் நிம்மதி வந்தது.

"பார்த்தீரே? ரௌட்டரில பிழையில்லை. எங்கட சனம்தான் இந்தச் சாமானை அனுப்பிக்கொண்டு திரியுது."

இரண்டு விரலாலும் தட்டி எழுதினார்: "இந்தக் குப்பையை இங்கே போட்டது யார்? உடனே அகற்றவும்."

நாலு நிமிடத்தில் கனடா ஸ்காபரோவிலிருந்து தங்கச்சி போன் எடுத்தாள்.

"அண்ணை, உங்களுக்கு விசரே? ஞானமண்ணை செத்துப்போனார். அது அவற்ற அறிவித்தல்!"

சிவானந்தன் அவசரமாகக் குழுவைத் திறந்தார். எழுதியதை உடனே அழித்தார். பதற்றத்தில் தன் போனில் மட்டும் அழித்துவிட்டார். மற்ற அறுபத்திரண்டு பேரிடமும் அது பத்திரமாக இருந்தது.

பின்னேரம் உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்குப் போனார்கள். அவர் உள்ளே வந்ததும் கதிரைகளில் இருந்த தலைகள் எல்லாம் திரும்பின. ஞானபண்டிதனின் மனைவி பத்மாவதி பெட்டியின் தலைமாட்டில் இருந்தார்.

"வாங்கோ சிவம்" என்றார் பத்மாவதி. "அவர் உங்களை ஒரு நாளும் ஒரு சொல் பிழையாச் சொன்னதில்லை."

சிவானந்தன் வழியெல்லாம் ஒரு விளக்கம் தயாரித்து வைத்திருந்தார். கம்பனி, அடைக்காத ஓட்டை, திரும்பவும் மாறின வழி எல்லாம் அதில் இருந்தன. அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை.

"அண்ணி, என்ர வீட்டு ரௌட்டர் பழசு. அறிவித்தலுக்குப் பதிலா வேற பக்கம் காட்டிப்போட்டுது. மாத்தச் சொல்லி ஒரு பிள்ளை சொன்னவ. நான் கேக்கேல்லை. பிழை என்ரதான்."

பத்மாவதி பக்கத்துக் கதிரையைக் காட்டினார். பின்வரிசையில் இருந்த ஒரு மருமகன் நிமிர்ந்தார்.

"எத்தினை வருசம், மாமா?"

"பதின்மூண்டு."

"என்ரது பதினஞ்சு."

கால் மணித்தியாலத்தில் ஆம்பிளைகள் வாசலில் கூடிவிட்டார்கள். ஞானபண்டிதனின் பக்கத்து வீட்டுக் கிளெமென்ற், "வேலை செய்யிற சாமானை ஏன் மாத்தோணும்? விக்கிறவங்கட தந்திரம் இது" என்றார். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த ஒருவர் தன்னுடைய ரௌட்டருக்கு அன்ரெனா ஆறு கொம்பு என்றார். ஒருவர் போனில் படம் காட்டினார். ஐயர் இரண்டு தரம் உள்ளிருந்து கூப்பிட்டார். மூன்றாம் தரம் அருள்நாயகியே வெளியே வந்து, "ரௌட்டருக்குச் செய்யிற கிரியை இல்லை இது. உள்ள வாங்கோ" என்று எல்லாரையும் கூட்டிப்போனார்.

அடுத்த நாள் சிவானந்தன் புது ரௌட்டர் வாங்கினார். றுஷ்னா பூட்டிக் கொடுத்தாள். பின்னைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு அது கேட்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணி வருவதற்கு முன்பே ரௌட்டரைப் புரட்டி வருடம் பார்க்கத் தொடங்கினார். இரண்டு வீட்டுக்காரர் புதிது வாங்கினார்கள். மூன்று வீட்டுக்காரர் அவரைக் கூப்பிடுவதை விட்டார்கள்.

ஞானபண்டிதனின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு இரண்டு நாள் இருக்கப் பத்மாவதி போன் எடுத்தார்.

"சிவம், கிரியைக்கு வெளிநாட்டுக்காரர் எல்லாம் வருகினம். எங்கட ரௌட்டரையும் ஒருக்காப் பாருங்கோவன்."

சிவானந்தன் புது ரௌட்டர் ஒன்றையும் வாங்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனார். பழையது அவருடையதைவிட ஒரு வருடம் மூத்தது. கழற்றக் கை வைத்தபோது பத்மாவதி தடுத்தார்.

"பொறுங்கோ. போனைத் திறந்தா வைஃபை எண்ட இடத்தில 'ஞானம்' எண்டு வரும். அவர் வைச்ச பேர். இதைக் கழட்டினா அது போயிடுமே?"

சிவானந்தனுக்குத் தெரியவில்லை. தெரியும் என்று சொல்லவும் மனம் வரவில்லை. றுஷ்னாவுக்கு எடுத்தார்.

"அதே பேரையும், அதே வைஃபை பாஸ்வேர்டையும் போடுங்க, அங்கிள். ரௌட்டரத் திறக்குற பாஸ்வேர்ட மட்டும் புதுசா வைங்க. போனுக்கெல்லாம் வித்தியாசமே தெரியாது."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். ஒன்றைப் பிழையாகத் தட்டி, அழித்து, திரும்பத் தட்டினார். பத்மாவதி மேசையில் கிடந்த தன் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சற்று நேரத்தில் அதில் பெயர் வந்தது.

"வந்திட்டார்" என்றார் பத்மாவதி. பிறகு தேத்தண்ணி வைக்க எழும்பிப் போனார்.