பெட்டியில் ஆட்களை ஏற்ற வேண்டாம்

1.

இந்தக் கதை ஒரு மொழிபெயர்ப்பு வேலையில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எங்கோ கண்ட ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தூக்கிவந்து எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம்.

மொன்றியலில் பொதி விநியோகிக்கும் ஒரு சிறிய நிறுவனம் வான்களை விட்டுவிட்டு, மின்சாரத்தில் ஓடும் மூன்று சில்லுச் சரக்கு வண்டிகளுக்கு மாறியிருந்தது. முன்னால் இரண்டு சில்லு, அவற்றின் மேல் ஒரு பெரிய பெட்டி, பின்னால் ஓட்டுகிறவரின் இருக்கை. ஓட்டுகிறவர்களில் பலர் தமிழர். பாதுகாப்புக் கையேட்டைப் பிரெஞ்சிலிருந்து தமிழாக்கித் தரச் சொன்னார்கள்.

கையேடுகளின் மொழி எனக்குப் பிடிக்கும். அதில் யாருக்கும் மனம் கிடையாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கவும், வளைவுக்குள் பிரேக் பிடிக்க வேண்டாம். கனமானதை அடியில், நடுவில் வைக்கவும். குளிரில் நின்ற பற்றறியை உடனே மின்னேற்ற வேண்டாம், அறையின் சூட்டுக்கு வரும்வரை பொறுக்கவும். இப்படியே நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தேன். "பெட்டியில் ஆட்களை ஏற்ற வேண்டாம்" என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தபோது பெட்டிக்குள் ஒருவர் இருந்தார். பழைய குளிரங்கி. மடியில் இரண்டு கைகள்.

வேண்டாம் என்று எழுதும்போது, அதைச் செய்யப்போகிற ஒருவரை மனத்தில் வைத்துத்தானே எழுதுகிறோம்.

அவருக்கு றெனோல்ட் என்று பெயர் வைத்தேன். வண்டியை ஓட்டுகிறவள் அவருடைய மனைவி அக்னெஸ்.

2.

முதல் தொடக்கம்: "மொன்றியலின் லாசால் பகுதியில், இலைகள் கொட்டி முடிந்த ஒரு காலையில், அக்னெஸ் தன் கணவனைப் பொதிகளோடு பொதியாக"

விட்டுவிட்டேன். மனிதரைப் பொதி என்று சொல்வது கேட்டவுடன் கிடைத்தது. அப்படிக் கிடைப்பதை நான் நம்புவதில்லை.

இரண்டாவது தொடக்கம்: "அக்னெஸுக்குச் சைக்கிள் தெரியும். அதுதான் பிரச்சினை."

இது இருக்கட்டும். இது உண்மையும்கூட. கையேட்டில் இதற்கென்றே ஒரு பக்கம் இருந்தது. நிறுவனத்தின் முற்றத்தில் அவளுக்கு வண்டி பழக்கியவர் நகுலேஸ்வரன், அவளைவிட இளையவர், யாழ்ப்பாணத்துக்காரர்.

"அக்கா, சைக்கிளே ஏறாத ஆக்களுக்கு இதை அரை நாளிலை பழக்கிப்போடுவன். ஓடத் தெரிஞ்ச ஆக்களோடைதான் நான் படுறபாடு."

"ஏன் தம்பி?"

"நீங்கள் சரிச்சுத் திருப்பப் பாக்கிறியள். இது சரியாது. கைபிடியைத் திருப்பினால்தான் திரும்பும்."

அக்னெஸ் மன்னாரில் ஒரு பிள்ளையையும் அரை மூட்டை அரிசியையும் சைக்கிளில் வைத்துக்கொண்டு மணல் ரோட்டில் ஓடியவள். அந்த உடம்புக்கு இந்த வண்டி புரியவில்லை. தெருவோரச் சரிவில் வண்டி கொஞ்சம் சாய்ந்ததும், விழப்போகிறோம் என்று உடம்பு முடிவெடுத்து, பள்ளமான பக்கமே கைபிடியைத் திருப்பியது. வண்டி நேரே போய் ஒரு குப்பைத்தொட்டியில் முட்டி நின்றது.

"குப்பை எடுக்கிறது செவ்வாய்க்கிழமை, அக்கா," என்றார் நகுலேஸ்வரன். "இண்டைக்கு வெள்ளி."

அவள் சிரிக்கவில்லை. இறங்கி வண்டியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"நீங்கள் விழாமல் பிடிக்கிறதுக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை. மூண்டு சில்லும் அதைப் பாக்கும். வளைவிலை மட்டும் உடம்பை உள்பக்கமாக் குடுங்கோ, காணும்."

[இங்கே ஒரு பத்தி இருந்தது. வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் விழாமல் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பெண்ணிடம் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று சொன்னால் அவள் என்ன ஆவாள் என்று. எடுத்துவிட்டேன். வண்டி வண்டியாகவே இருக்கட்டும்.]

3.

றெனோல்ட் பற்றி.

அவர் ஏன் ஒடுங்கிப்போனார் என்பதற்கு மூன்று காரணங்கள் எழுதினேன். முதலாவதில் அவர் வேலை செய்த பிஸ்கற் தொழிற்சாலை மூடப்பட்டது. இரண்டாவதில் ஊரிலிருந்து ஒரு சாவுச் செய்தி வந்தது. மூன்றாவதில் ரொறொன்ரோவில் இருக்கும் மகன் கதைப்பதை நிறுத்திக்கொண்டான். மூன்றும் நன்றாகவே வந்தன. ஒவ்வொன்றும் தனியாகவே போதுமானதாக இருந்தது. அதனால்தான் மூன்றையும் எறிந்தேன். ஒரு காரணம் தந்தால் நீங்கள் "ஓ, அதனாலா" என்று ஆறிவிடுவீர்கள். அக்னெஸுக்கு அந்த ஆறுதல் கிடைக்கவில்லை. அவள் இருபத்தைந்து வருடமாகப் பார்த்த மனிதர் ஒவ்வொரு நாளாகத் தனக்குள்ளே போய்விட்டார். அவ்வளவுதான்.

காலையில் எழும்புவார். முகம் கழுவுவார். பால்கனிக் கதவடியில் கதிரையைப் போட்டு இருப்பார். எது கேட்டாலும் "ஓம்". சாப்பிடுகிறீர்களா, ஓம். கோயிலுக்குப் போவோமா, ஓம். பிறகு எழும்ப மாட்டார்.

என் கதைகளை முதலில் வாசிப்பவள் தாட்சாயினி. டாக்டரிடம் காட்டவில்லையா என்று அவள் கேட்பாள் என்பதற்காக இதை எழுதுகிறேன்: காட்டினார்கள். டாக்டர் கேட்டபோது அவர் மிக மரியாதையாக, நல்லாயிருக்கிறேன் என்று பிரெஞ்சில் சொன்னார். குளிசை தந்தார்கள். பெரிய டாக்டருக்குக் காத்திருப்பவர்களின் வரிசையில் பெயரைப் போட்டார்கள். வரிசை அசையவில்லை.

ஒரு பின்னேரம் அக்னெஸ் வேலையால் வந்தபோது குசினி மேசையில் அவருடைய கடவுச்சீட்டு, வங்கி அட்டை, வீட்டுக் கதவின் திறப்பு, மணிக்கூடு எல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தன.

"இது என்னத்துக்கு?"

"ஒண்டுமில்லை. உமக்குத் தேடக் கஷ்டமா இருக்கக்கூடாதெண்டு."

அவள் கைப்பையைக் கழற்றாமலே நின்றாள். பிறகு அரிசி கழுவப் போனாள். இரண்டு தரம் கழுவினாள், மூன்றாம் தரமும் கழுவினாள். அடுத்த நாளிலிருந்து அவளால் அவரைத் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியவில்லை.

4.

"இஞ்சேருங்கோ, என்னோடை வாறியளா? வீட்டு நம்பர் வாசிக்க ஒரு ஆள் வேணும். எனக்குக் கண்ணாடியைப் போட்டுப் போட்டுக் கழட்டிக் களைச்சுப் போச்சு."

"ஓம்."

அவளுக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அது அவருக்குத் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. (நான் எழுதுகிறேன் என்பதால் எல்லாம் தெரியும் என்று நினைக்காதீர்கள். அவருடைய தலைக்குள் போக நான் எடுத்த முயற்சிகள் எல்லாம் "ஓம்" என்ற சொல்லில் முட்டித் திரும்பின.)

நிறுவனத்தில் பொதிகளை ஏற்றும்போது பெட்டியில் ஒரு ஆளளவு இடம் விட்டு அடுக்குவாள். பிறகு தங்கள் தொடர்மாடியின் பின்னால் உள்ள சின்ன ஒழுங்கைக்கு வருவாள். அவர் படியிறங்கி வந்து ஏறுவார். பிடிபட்டால் வேலை போகும். அது அவளுக்குத் தெரியும். வீட்டில் விட்டால் என்ன போகும் என்பதும் தெரியும்.

முதல் வரைவில் றெனோல்ட் முன்பக்கம் பார்த்தபடி இருந்தார். அவருடைய பிடரி மட்டும்தான் தெரிந்தது. பிடரியை வைத்துக்கொண்டு கதை எழுத முடியவில்லை. அவரை மறுபக்கம் திருப்பினேன். இப்போது முதுகு பெட்டியின் முன்சுவரில், முகம் அக்னெஸைப் பார்த்து. இருவரும் கதைப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். கதைக்கவில்லை. திருப்பியதால் வேறொன்று நடந்தது. வண்டியை நிறுத்திவைக்கும் தரிப்புப் பிரேக் கைபிடியில் இருக்கிறது. அவர் கையை நீட்டினால் அது எட்டும்.

இதை நான் கவனித்தது மூன்று பக்கம் எழுதிய பிறகு. அக்னெஸ் முதல் நாளே கவனித்துவிட்டாள்.

ஒருநாள் சிவப்பு விளக்கில் நகுலேஸ்வரனின் வண்டி பக்கத்தில் வந்து நின்றது. அவர் பெட்டியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், போய்விட்டார். அடுத்த நாள் காலை, யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு இடுப்புப் பட்டியைக் கொண்டுவந்து தந்தார்.

"அக்கா, நான் ஒண்டும் காணேல்லை. ஆனா அந்தக் காணாத சாமானுக்கு ஒரு பெல்ட்டைப் போட்டுவிடுங்கோ."

"தம்பி, அவரை வீட்டிலை..."

"நான் கேக்கேல்லை, அக்கா. பின்ரயருக்குக் காத்துக் காணாது. பாத்திட்டு வெளிக்கிடுங்கோ."

5.

முதல் நாட்களில் வளைவு வரும்போது றெனோல்டின் உடம்பு வெளிப்பக்கமாக விசிறப்பட்டது. உள்பக்கச் சில்லு நிலத்தை விட்டு எழும்பப் பார்த்தது.

"கொஞ்சம் உள்பக்கம் சரியுங்கோவன்."

"ஓம்."

சரியவில்லை. அவள் இன்னும் மெதுவாகத் திருப்பினாள். பின்னால் கார்கள் கோர்ன் அடித்தன.

பிறகு ஒரு வளைவில் அவர் சரிந்தார். அவள் சொல்லவில்லை. அவருக்கு ரோட்டும் தெரியாது, அவர் பின்பக்கம் பார்த்து இருப்பவர். அவளுடைய தோள் அசைந்ததைப் பார்த்து வளைவு எந்தப் பக்கம் என்று அறிந்து, அவளுக்கு முன்பே உடம்பைக் கொடுத்தார். மூன்று சில்லும் தரையிலேயே நின்றன. அடுத்த தெருவில் மடியிலிருந்த பொதியின் மேலிருந்த பெயரை வாசித்துக் கதைக்கவும் செய்தார்.

"இதுவும் த்ரொம்ப்ளே. இந்த ரோட்டிலை ஆரைப் பாத்தாலும் த்ரொம்ப்ளே. எங்கடை மன்னார்ப் பக்கம் குரூஸ் எண்ட பேர் மாதிரி."

அக்னெஸ் சிரித்தாள். ஆனால் ஒரு நொடி பிந்தித்தான் சிரித்தாள்.

இதுவரை எழுதியதைத் தாட்சாயினிக்கு அனுப்பினேன். உடனே ரெலிபோன் எடுத்தாள்.

"இதோடை முடியடி. மனிசன் சரிஞ்சிட்டார், பகிடியும் விட்டிட்டார். இனி என்ன வேணும் உனக்கு?"

"அக்னெஸ் நிம்மதியா இருக்கிறாளா?"

"நீ எழுதினால்தானே இருப்பாள்."

அவள் சொன்னது சரி. எழுதிப் பார்த்தேன். "அன்றிலிருந்து அக்னெஸ் நிம்மதியாக" என்பதற்கு மேல் போகவில்லை. எத்தனை தரம் தொடங்கினாலும் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. ஏனென்றால் பாதுகாப்பு விதிகளைத் தலைகீழாகவும் வாசிக்கலாம். கவிழாமல் இருக்க எந்தப் பக்கம் சரியவேண்டும் என்று அறிந்த உடம்பு, மற்றதையும் அறியும். அவர் வண்டியைப் படித்துவிட்டார். இனி அக்னெஸுக்கு அவரைப் பற்றி முன்பைவிடக் குறைவாகத்தான் தெரியும்.

6.

லாசாலைத் தெரிந்தவர்கள் இந்தப் பகுதியில் என்னைப் பிடித்துவிடுவார்கள். அது தட்டையான இடம். ஆற்றுப் பக்கம் போகிற அந்த இறக்கம் அங்கே இல்லை. நான் போட்டது. இறக்கத்தின் அடியில் பஸ் ஓடும் பெருந்தெரு. அதற்கப்பால் ஆறு, வெள்ளையாகப் பொங்கிப் பாறைகளில் விழுந்துகொண்டு. ஆறு உண்மையானது.

இறக்கத்தின் மேலே ஒரு வீடு. வெளியே இரும்புப் படிக்கட்டு, மேல்மாடியில் கதவு. கையொப்பம் வாங்கவேண்டிய பொதி.

அக்னெஸ் எல்லாவற்றையும் கையேட்டில் உள்ளபடியே செய்தாள். தரிப்புப் பிரேக்கைப் போட்டாள். முன்சில்லுகளை நடைபாதை விளிம்புக்குத் திருப்பினாள். சில்லுக்குக் கட்டை வைத்தாள். வண்டியைப் பூட்டித் திறப்பைக் கழற்றினாள். இவ்வளவும் செய்தால் வண்டி நகராது. உள்ளே இருக்கிறவரைப் பற்றிக் கையேடு எதுவும் சொல்லவில்லை. அதன் கணக்கில் உள்ளே யாரும் இல்லை.

"போட்டு வாறன்."

"ஓம்," என்றார் றெனோல்ட். பிறகு, "ஆறுதலாப் போட்டு வாரும்" என்றார்.

அவள் போட்டு வாறன் என்றால் எப்போதும் ஓம் மட்டும்தான் சொல்வார்.

அவள் படியேறினாள். ஈர இலைகள் படியில் ஒட்டிக் கிடந்தன. அந்த மூன்று சொற்களையும் பொதியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஏறினாள். அவசரப்பட வேண்டாம் என்று ஒரு கணவன் மனைவியிடம் சொல்லக்கூடிய மிகச் சாதாரணமான வார்த்தை அது. அவர் திரும்பி வருகிறார் என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். எல்லாவற்றையும் மேசையில் அடுக்கிவைத்த அந்த மனிதர் சொன்னதாகவும் இருக்கலாம்.

என்னிடம் உள்ள முடிவுகள்:

இறக்கத்தை எடுத்துவிடலாம். நான் போட்டதுதானே. ஒரு வரி அழித்தால் போதும். ஆனால் தட்டையான தெருவிலும் ஒருவர் பட்டியைக் கழற்றி இறங்கி நடந்துபோகலாம். ஆற்றுக்குப் போக இறக்கம் தேவையில்லை.

நகுலேஸ்வரனைத் தற்செயலாக அந்தப் பக்கம் வரவைக்கலாம். இன்றைக்கு வருவார். நாளைக்கு?

அக்னெஸ் திரும்பிப் பார்க்கலாம். இதுதான் எல்லாவற்றிலும் சுலபம், இதைத்தான் அவள் ஒவ்வொரு வீட்டுப் படியிலும் செய்யாமல் இருக்கிறாள். திரும்பினால் அவருடைய முகம் அவளைப் பார்த்தபடி இருக்கும், அப்படித்தானே நான் இருத்தியிருக்கிறேன். அவள் பார்ப்பதை அவர் பார்ப்பார். வீட்டு நம்பர் வாசிக்க அவரைக் கூட்டி வரவில்லை என்பது அந்த ஒரு பார்வையில் தெரிந்துவிடும். இவ்வளவு நாளும் இருவரும் சேர்ந்து தூக்கிவந்த பொய் அது. அது போனால் அடுத்த நாள் காலையில் அவர் "ஓம்" என்று சொல்லிப் படியிறங்கி வரமாட்டார். அவளுக்கு அவரிடம் மிஞ்சியிருப்பது அந்த ஓம்தான்.

7.

அவள் மணியை அடித்தாள். உள்ளே ஒரு முதிய குரல், வருகிறேன், வருகிறேன் என்று பிரெஞ்சில் சொன்னது. நடக்கக் கஷ்டப்படுகிற ஆள். தடி ஒன்று தரையில் ஊன்றி ஊன்றி வரும் சத்தம். மெதுவாக, மிக மெதுவாக.

அக்னெஸ் கதவின் வர்ணத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நானும் அவளுக்குப் பின்னால் அதே பக்கம் பார்த்துத்தான் நிற்கிறேன். அவளுக்குத் தெரியாத எதையும் தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லை என்று இந்தக் கதையின் நடுவில் எங்கோ முடிவெடுத்துவிட்டேன். எந்த இடம் என்று நினைவில்லை.

நீங்கள் கீழே தெருவில் நிற்கிறீர்கள். உங்கள் முகம் மட்டும்தான் வண்டிப் பக்கம் இருக்கிறது.

அவர் இருக்கிறாரா என்று பாருங்கள். எங்களைக் கூப்பிட வேண்டாம், அவருக்குக் கேட்டுவிடும்.