சிவப்புக் கட்டம்

மரிவிக்கின் கணினித் திரையில் ஆறு போக்கர் சீட்டாட்ட மேசைகள். ஒவ்வொன்றிலும் முகம் தெரியாத ஐந்து பேர். இரண்டு சீட்டு விழுந்ததும் பன்னிரண்டு நொடிக்குள் ஒன்றை அழுத்த வேண்டும்: விடு, கூடப் போ, மேலே ஏற்று. பிலிப்பைன்ஸின் பாக்கூரில் ஜீப்னி வண்டிகள் நிற்கும் நிலையத்துக்குப் பின்னால், இரண்டாவது மாடியில், இருபது பேர் காலை ஒன்பது மணியிலிருந்து இதையே செய்துகொண்டிருந்தார்கள். ஆடும் பணம் முதலாளியுடையது. இவர்களுக்குத் தினக்கூலி.

சுவரில் அட்டவணை. எதிராளி பந்தயத்தை ஏற்றினால் எந்தச் சீட்டுக்கு அதற்கும் மேலே ஏற்றவேண்டும் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது. நல்ல சீட்டுக்குச் சிவப்பு. சில அரைகுறைச் சீட்டுக்கும் சிவப்பு. அது எதிராளியை மிரட்டி ஓடவைக்க. மூளையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம். ஐந்து மாதத்துக்கு மேலாக மரிவிக் அப்படித்தான் வந்துகொண்டிருந்தாள். இன்னும் ஒன்பது நாள் போனால் ஆறு மாதம் முடிந்து வேலை நிரந்தரமாகும், மருத்துவக் காப்பீட்டு அட்டை கிடைக்கும். வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போகும் புருஷனுக்கு அந்த அட்டை வேண்டும்.

இந்தச் சில்லறை மேசைகளில் எவனும் மிரண்டு ஓடுவதில்லை என்பதை அவள் எப்போதோ கண்டுகொண்டாள். பொழுதுபோக்க வந்தவர்கள், என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று ஒட்டிக்கொள்வார்கள். செவ்வாய்க்கிழமை கிளாவர் ஆஸும் ஐந்தும் வந்தன. அரைகுறைச் சீட்டு, மிரட்டுவதற்கான சிவப்புக் கட்டம். விட்டுவிட்டாள். பிறகு இரண்டு ராஜா வந்தபோது அட்டவணை சொன்னதைவிட ஒன்றரை மடங்கு ஏற்றினாள். எதிராளி ஜாக்கியை வைத்துக்கொண்டு கூடவே வந்து தோற்றான்.

பக்கத்து நாற்காலி ஜோனல் எட்டிப் பார்த்தான். "அக்கா, ஆஸ் அஞ்சுக்கு ஏத்தாம விட்டுட்டீங்களே."

"செவிடன் காதுல எதுக்குடா சங்கு ஊதணும்? நல்ல சீட்டு வந்தா நல்லா ஏத்து. மத்ததுக்குக் கையக் கட்டிட்டு உக்காரு."

"எர்மின் சார் பாத்தா தோல உரிச்சிருவாரு."

"ஜெயிச்சதுக்கா உரிப்பாரு?"

அந்த வாரம் அறையிலேயே அதிகம் ஜெயித்தது அவள்தான். வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் எர்மின் கூப்பிட்டு, அவள் ஆடியதைத் திரையில் ஓட்டிக் காட்டினார்.

"இங்க ஏன் ஏத்தல?"

"அவன் ஓட மாட்டான் சார். நூறு தடவ பாத்துட்டேன்."

"உன்னைய யாரு பாக்கச் சொன்னா?"

"லாபம்தான சார் வந்திருக்கு?"

"அது உன் அதிர்ஷ்டம். அட்டவணைய மீறினது குத்தம். அம்பத்தோரு தடவ மீறியிருக்க. எங்கெங்க, ஏன், எவ்வளவு ஏத்தினன்னு எழுதிக் குடு. மேல காட்டிப் பாக்குறேன்."

விளக்கமாக எழுதினால் வேலை நிலைக்கும் என்று நம்பினாள். எந்த மாதிரி ஆளிடம் ஏற்றக் கூடாது, எந்தச் சீட்டுக்கு எவ்வளவு என்று நான்கு பக்கம் எழுதினாள். எர்மின் ஒரு வரி விடாமல் படித்து, தாள்களைப் பின் குத்தி இழுப்பறைக்குள் போட்டார்.

"திங்கக்கிழம வந்து கணக்க முடிச்சுக்கம்மா."

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. ஹெட்போன் அழுத்திய காது மட்டும் வலித்தது.

திங்கட்கிழமை காவலாளி அவளைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்திவைத்தான். உள்ளே சுவரில் புது அட்டவணை. சிவப்பு பாதியாகக் குறைந்திருந்தது. அவள் நாற்காலியில் வேறொரு பெண்.

எர்மின் தாள்களோடு வந்தார். "கையெழுத்துப் போட்டாத்தான் பாக்கிச் சம்பளம்."

"என்ன சார் இது?"

"எல்லாரும் போடுறதுதான். கம்பெனியோட ஆட்ட முறைய ரெண்டு வருஷம் வேற எங்கயும் ஆட மாட்டேன், யாருக்கும் சொல்லித் தர மாட்டேன்னு. முறை என்னன்னு பின்னால இணைச்சிருக்கு."

புரட்டினாள். வெள்ளிக்கிழமை அவள் கைப்பட எழுதிக் கொடுத்த அதே நான்கு பக்கங்களின் நகல். ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் கம்பெனி முத்திரை. இரண்டு மணிக்குப் புருஷனை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். பேனாவை வாங்கினாள்.