வெறுங்காது

ஆத்தாயியின் காதை வளர்க்கப் பத்து வருஷம் ஆயிற்று. வெட்டித் தைக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

கைக்குழந்தையாக இருந்தபோது குத்திய துளை அது. முதலில் பருத்திப் பஞ்சைத் திணித்தார்கள். பிறகு சோளத்தட்டைத் துண்டு, அதன்பின் சுருட்டிய பனையோலை, கடைசியில் ஈயக் குண்டு. புண் ஆறுவதற்குள் அடுத்தது. அவள் அழுதால் அம்மா விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே சொல்வாள்.

"அழுவாத சாமி. காது தோளத் தொட்டாத்தான் நாலு பேரு பொண்ணு கேட்டு வருவாங்க."

ஊரே காய்ச்சலில் படுத்த அந்த வருஷம் அம்மா போய்விட்டாள். பத்து வயதில் ஆத்தாயிக்கு மிஞ்சியது தோளைத் தொடும் காதும், இரண்டு வயதுத் தம்பி சென்னிமலையும்தான். அப்பன் இருந்தும் இல்லாத மாதிரி. அம்மா சொன்னதும் பொய்யில்லை. வெண்ணந்தூர்ப் பக்கத்தில் சொந்தத் தோட்டம் வைத்திருந்த வெள்ளியங்கிரி பெண் பார்க்க வந்தபோது, அவருடைய அத்தைமார்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காதைத்தான் பார்த்தார்கள். 1922இல் கல்யாணம். தண்டட்டியும் வளையமுமாகக் காதுக்கு மூன்று உருப்படி ஆட, ஆறு வயதுத் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் புருஷன் வீட்டுக்குள் கால் வைத்தாள். சீர்வரிசையோடு மைத்துனனும் வந்து சேர்ந்ததைப் பற்றி வெள்ளியங்கிரி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த விஷயத்தில் மனுஷர் தங்கம்.

எங்கே போனாலும் அவர் முன்னால் நடப்பார், அவள் பின்னால் வருவாள். அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. காதில் உருப்படிகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணு என்று சத்தம் போடும். அது கேட்டால் அவள் வருகிறாள் என்று அர்த்தம். கேட்கவில்லையென்றால் வரப்பில் யாரோடோ பேச நின்றுவிட்டாள். அவரும் அங்கேயே நின்று, வானத்தைப் பார்த்தபடி காத்திருப்பார்.

அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. தம்பிதான் பிள்ளை. பிள்ளையென்றால் சும்மாவா? ராசிபுரத்தில் படித்தான், பிறகு சேலத்தில் படித்தான், ஒவ்வொரு லீவுக்கும் வேறு ஆளாக வந்து இறங்கினான். ஒரு வருஷம் மேல்காதில் கிடந்த முருகைக் கழற்றிக் கையில் கொடுத்தான். பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்களாம். அதற்கு அடுத்த வருஷம் குடுமியே காணோம். வெள்ளியங்கிரி இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. ஆத்தாயி மட்டும் அவனை உட்காரவைத்து, "கிராப்புக்கும் எண்ணெ வேணுமல்ல?" என்று தலையைத் தேய்த்துவிட்டாள். காலர் வைத்த சட்டை வந்தது, கோட்டு வந்தது, சேலத்தில் ஒரு பஸ் கம்பெனி ஆபீசில் வேலை கிடைத்ததும் கைக்கடிகாரம் வந்தது. ஊரார் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அவளோ அவன் சட்டைக்குக் கஞ்சி போடக் கற்றுக்கொண்டாள்.

அவன் சொன்னான் என்று முப்பது வயதுக்குமேல் ரவிக்கையும் போட்டுக்கொண்டாள். முதல் நாள் பொத்தான் முதுகுப் பக்கம் வரும்படி மாட்டிக்கொண்டு, கையைப் பின்னால் வளைத்துப் படாத பாடு பட்டாள். வெள்ளியங்கிரி சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது. பின்னால் செருகிய கொசுவத்தை முன்னால் கொண்டுவர இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. அவளுக்கு இதிலெல்லாம் வருத்தம் ஒன்றும் இல்லை. தம்பி போகிற இடத்துக்குத் தானும் போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான்.

அவள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று. இணைச்சீர்.

மாப்பிள்ளை தாலி கட்டப் போவதற்கு முன், கூடப்பிறந்தவள் அவன் பக்கத்தில் நிற்கவேண்டும். கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவன் கையில், மறு தலைப்பு அவள் கையில். அருமைக்காரர் முன்நின்று சீரைச் செய்துவைப்பார். நாளைக்கு ஒருத்தி வந்தாலும் உனக்கும் எனக்கும் உள்ளது அறாது என்று சபைக்கு முன்னால் சொல்கிற சீர் அது. பிள்ளை பெறாத ஆத்தாயிக்கு இந்தப் பிறவியில் கிடைக்கக்கூடிய பெரிய இடம் அதுதான். சென்னிமலை சின்னப் பையனாக இருந்தபோது அவளுடைய பழைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இணைச்சீர் வெளையாடலாமா?" என்பான். அடுப்பு வேலையை விட்டுவிட்டு அவளும் போய் நிற்பாள்.

1942இல் பெண் அமைந்தது. திருச்செங்கோட்டுப் பெரிய குடும்பம், பெண் பியானோவோ என்னவோ ஒரு பெட்டியில் வாசிக்கும் என்றார்கள். பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் தங்கைகள் இருவர் ஆத்தாயியின் காதைக் காட்டி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆத்தாயிக்குப் பெரிதாகப் படவில்லை. சிறுசுகள். ஆனால் சென்னிமலையின் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தாள்.

ஊர் வந்து சேர்ந்ததும் அவன் பேச்சை எடுத்தான்.

"அக்கா, சேலத்துல இப்ப யாரும் இப்படிக் காது வெக்கறதில்லக்கா. தொங்கறத வெட்டித் தச்சுக்கறாங்க. அப்பறம் சின்னதாக் குத்திக் கம்மல் போட்டுக்கலாம்."

"என்ற காதுக்கு இப்ப என்ன சாமி?"

"கல்யாணத்துல போட்டோப் புடிக்கறாங்க. இணைச்சீருக்கு நீதான என் பக்கத்துல நிக்கோணும்."

நீதான் நிற்கவேண்டும் என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. வெள்ளியங்கிரிதான் தடுத்துப் பார்த்தார்.

"ஏம்புள்ள, அந்தக் காது என்ன பாவம் பண்ணுச்சு?"

"தம்பி ஆசப்படறானுங்க."

புரட்டாசியில், ஈரோட்டுப் பக்கம் காது தைக்கிற வைத்தியர் ஒருவரிடம் போனார்கள். அவர் நல்ல மனுஷர், ஒன்றுக்கு இரண்டு தடவை யோசித்துச் சொல்லச் சொன்னார். தை மாதக் கல்யாணம் என்றதும், "அதுக்குள்ள ஆறீரும். மூணு மாசம் முழுசாக் கழிச்சுத்தான் குத்தோணும், முன்னால குத்தப்படாது" என்று எச்சரித்தார். அரைமணியில் முடிந்தது. வெட்டி எடுத்ததைத் துணியில் முடிந்து கையில் கொடுத்தார்கள். வெள்ளியங்கிரி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வீடு வந்ததும் கிணற்று மேட்டுத் தென்னைக்கு அடியில் குழி தோண்டிப் புதைத்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

தண்டட்டிகளையும் வளையங்களையும் உருக்கி ஆசாரி புது மோஸ்தரில் ஒரு ஜோடிக் கம்மல் செய்தார். பொட்டு மாதிரி இருந்தது. மீதிப் பொன் முழுவதிலும் சென்னிமலைக்குக் கல்யாண மோதிரம் அடித்தாள். அவன் அதைப் போட்டுப் பார்த்து, "பிரமாதம்க்கா" என்றான்.

அப்புறம்தான் விதி குறுக்கே வந்தது. பெண்ணின் தாத்தா படுத்துவிட்டார். அவர் கண்ணை மூடினால் வருஷம் முழுக்கக் கல்யாணம் கிடையாது. உடனே முடித்துவிடலாம் என்று கார்த்திகைக்கு நாளை இழுத்துவைத்தார்கள். ஆத்தாயி ஆசாரியிடம் ஓடினாள். அவர் காதைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார்.

"இன்னும் பச்சப் புண்ணுங்கம்மிணி. இப்பக் குத்துனா பிஞ்சு போயிரும்."

புருஷன் உயிரோடு இருக்கும்போது காதில் பொட்டுத் தங்கம் இல்லாமல் ஒரு பெண் கல்யாணப் பந்தலில் நிற்பதா? தாலி அறுத்தவள்தான் அப்படி நிற்பாள். இரண்டு நாள் யோசித்து ஆத்தாயி ஒரு வழி கண்டுபிடித்தாள். கம்மலின் பின்புறம் கறுப்பு நூலைக் கட்டி, அந்த நூலைக் காதைச் சுற்றிப் போட்டு, மயிருக்குள் மறைத்தாள். கண்ணாடியில் பார்த்தால் குத்திப் போட்ட மாதிரியே இருந்தது. தலையை ஆட்டாமல் இருந்தால் போதும்.

கல்யாணம் ஆத்தாயியின் பெரியப்பா வீட்டுப் பந்தலில். ஆத்தாயி புது ரவிக்கையும், முன்கொசுவமும், கம்மலுமாக வந்ததைப் பார்த்துச் சென்னிமலை முகம் மலர்ந்தான். "அக்கா, அசல் சேலத்தாளாட்டவே இருக்கற" என்றான். கிழக்கே பார்த்து அவன் நிற்க, அவள் பக்கத்தில் போய் நின்றாள். அருமைக்காரர் கூறைச்சேலையை விரித்து ஒரு தலைப்பை அவன் கையில் கொடுத்தார். மறு தலைப்பை வாங்க அவள் குனிந்தாள்.

காலமெல்லாம் காத்திருந்த துணி கைக்கு எட்டுகிற நேரத்தில் யாருக்குத்தான் தலையை ஆட்டாமல் இருக்கத் தோன்றும்? வலது காதில் நூல் நழுவியது. கம்மல் விழுந்து, அருமைக்காரரின் காலடிவரை உருண்டு போய் நின்றது.

பெரியம்மா ராசம்மாள் அதை எடுத்தாள். நூலைப் பார்த்தாள். பிறகு ஆத்தாயியின் காதுப் பக்கம் மயிரை ஒதுக்கினாள்.

"அட கடவுளே, ஓட்டையே இல்லியே. வெறுங்காதா?"

பந்தலில் பேச்சு அடங்கியது. பெண்கள் பக்கத்திலிருந்து மூளி என்று யாரோ சொன்னது தெளிவாகக் கேட்டது. அருமைக்காரர் கடுமையான ஆள் இல்லை. தலைப்பைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னார்.

"வெறுங்காதோட சீருக்கு நிக்கப்படாதுங்கம்மிணி. பொண்ணு ஊட்டுக்காரங்களும் பாத்துட்டாங்க. மாப்பளதான் சொல்லோணும்."

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். ஆத்தாயியும் பார்த்தாள். நான் சொல்லித்தான் அக்கா காதை வெட்டிக்கொண்டாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குடுமியை எடுக்க யாரைக் கேட்டான்? முருகைக் கழற்ற எந்தச் சபையைக் கேட்டான்? ஊரையே எதிர்த்துக் கோட்டுப் போட்டவன் ஆயிற்றே. சொல்லிவிடுவான் என்று அவள் நம்பினாள். சத்தியமாக நம்பினாள்.

சென்னிமலை கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"முகூர்த்தத்துக்கு நேரமாகுது. வசந்தாமணி நிக்கட்டும்."

வசந்தாமணி பெரியப்பா மகள். பாவம், அவளுக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை, இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். அவள் காதில் சின்னதாக இரண்டு கம்மல், பிறந்ததிலிருந்து யாரும் ஈயம் போட்டு வளர்க்காத காது. ஆத்தாயி விலகித் தூணோரம் போனாள். கூறைச்சேலையின் தலைப்பைப் பிடித்திருந்த தம்பியின் விரலில் அந்த மோதிரம் மின்னியது. அவளுடைய காதில் கிடந்த பொன்னுக்கு அங்கே இடம் இருந்தது, அவளுக்கு இல்லை. அவள் அழவில்லை. தம்பி கல்யாணத்தில் அழுதால் அவனுக்கு ஆகாது.

தாலி கட்டி முடிந்ததும் போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். சொந்தமெல்லாம் வரிசையாக நின்றார்கள். "அக்காவக் கூப்புடுங்க" என்று சென்னிமலையே சொல்லி அனுப்பினான். மனசு கேட்காமல்தான் கூப்பிட்டிருக்கவேண்டும். அவளுக்கு அதுவே போதும் என்று ஆகிவிட்டது. கோபமெல்லாம் எங்கேயோ ஓடிப்போக, விறுவிறுவென்று வந்து ஓரத்தில் நின்றாள். நேராக நின்றாள். போட்டோவுக்காகத்தானே இத்தனையும்.

சென்னிமலை அவள் பக்கம் சாய்ந்தான்.

"முந்தானையக் காதோட இழுத்து மூடிக்கக்கா. தையலு தெரியுது."

அவள் மூடிக்கொண்டாள்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டும் என்று சொல்லிவிட்டுச் சாயங்காலமே புருஷனும் பெண்டாட்டியும் புறப்பட்டார்கள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி ராசம்மாள் கையைப் பிடித்தாள். இன்னொரு நாள் வருவதாக ஆத்தாயி சொன்னாள். கொல்லைக்காடு வழியாக மூன்று மைல். எப்போதும்போல வெள்ளியங்கிரி முன்னால் நடந்தார், அவள் பின்னால் நடந்தாள்.

பத்தடி போனதும் அவர் நின்றார். திரும்பிப் பார்த்தார். இருபது வருஷத்தில் அவர் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் இரண்டு எட்டுப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தாள். மறுபடி நடந்தார். இன்னும் பத்தடி. மறுபடி நின்று திரும்பினார்.

"வாரேனுங்க" என்றாள் அவள்.

சோளக்கொல்லை தாண்டுவதற்குள் அப்படி ஏழெட்டுத் தடவை ஆகியிருக்கும். அவர் ஒருமுறைகூடக் கோபப்படவில்லை, தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாய்க்கால் மேட்டில் ஏறும்போது அவள் தலையிலிருந்த முந்தானையை எடுத்தாள். அவர் திரும்பிப் பார்க்கும் முன்பே சொல்லிவிட நினைத்து, "வாரேனுங்க" என்று தொடங்கினாள். பாதியில் குரல் உடைந்தது. வரப்பிலேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஆத்தாயி அழுதாள்.