ஏழு நீலப் பட்டைகள்

இரவுப் பணி முடிந்து காலை எட்டரை மணிக்கு வீட்டுக்கு வந்த நர்ஸ், படுக்கையறைக் கதவைத் திறந்ததும் கையால் கண்ணை மறைத்துக்கொண்டாள். ஜன்னல் மொட்டையாக இருந்தது. வெயில் அவளுக்கு முன்பே கட்டிலில் ஏறிப் படுத்திருந்தது.

"என்னங்க, திரை எங்க?"

"இங்கதான் இருக்கு. பாத்து வா, மிதிச்சிடாத!" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

சாப்பாட்டு மேசை சுவரோரம் ஒதுங்கியிருந்தது. நாற்காலிகள் சோபாவின் மேல் ஏறியிருந்தன. தரையில் இரண்டு வெள்ளைத் திரைகளும் விரிந்து கிடக்க, நடுவில் அவள் கணவன் கட்டுப் போட்ட வலது காலை நீட்டி உட்கார்ந்து, வாயில் பென்சிலைக் கவ்வியபடி டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தான். அந்தக் காலோடு எப்படி ஸ்டூலில் ஏறி இவற்றைக் கழற்றினான் என்று கேட்க அவளுக்குத் தெம்பு இல்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். மூன்று வாரத்துக்கு முன் ஏணியில் வழுக்கி முழங்கால் பிசகிவிட்டது. ஒரு மாதம் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் வாரம் சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தான். அது ஒழுக ஆரம்பித்தது. இரண்டாம் வாரம் சமையலறை அலமாரியை ஒழுங்குபடுத்தினான். அதற்குப் பிறகு டீத்தூள் எங்கே இருக்கிறது என்று அவனைக் கேட்காமல் டீ போட முடியவில்லை. இந்த வாரம் வீடியோ பார்த்திருந்தான்.

"குறுக்கே ஏழு பட்டை. எல்லாம் ஒரே அகலம். நீல பெயிண்ட். வீடியோவே பதினோரு நிமிஷம்தான். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும்."

"எனக்கு இப்பதாங்க தூக்கம் வேணும்."

"நீ பாட்டுக்குப் போய்ப் படு. நான் சத்தமே போட மாட்டேன்."

முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்தாள். சத்தம் போட மாட்டேன் என்றவன் ஒட்டு டேப்பைச் சுருளிலிருந்து இழுத்தான். சர்ர்ரென்று ஒவ்வொரு தடவையும் துணி கிழிவதுபோல் கேட்டது. சற்று நேரம் அமைதி. அவளுக்குக் கண் செருகும் சமயத்தில் கதவு லேசாகத் திறந்தது.

"தூங்கிட்டியா?"

"இல்ல."

"நல்லதாப் போச்சு. ஒரு நுனியை மட்டும் பிடிச்சுக்கோ. ரெண்டே நிமிஷம்."

ரெண்டு நிமிஷம் நாற்பது நிமிஷம் ஆயிற்று. மத்தியானம் முடியவில்லை, மறுநாளும் முடியவில்லை. லிஃப்ட் கதவு ஒரு மயிரிழை விலகினாலும் மூடாது என்பது அவன் தொழில் படிப்பினை. அதே கண்ணோடு பட்டைகளைப் பார்த்தான். ஒட்டிய டேப்பைப் பிய்த்து, அளந்து, மறுபடி ஒட்டினான். இரண்டு பகலிலும் சேர்த்து அவள் ஐந்து மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம். இரண்டாம் நாள் வேலையில், ஒரு நோயாளியின் காய்ச்சல் அளவைப் பக்கத்துப் படுக்கைக்காரரின் தாளில் எழுதிவிட்டாள். பெரிய நர்ஸ் கவனித்துத் திருத்தினார். எதுவும் திட்டவில்லை. "உடம்பு சரியில்லையாம்மா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தபோது ஜன்னலில் ஒரு திரை தொங்கியது. ஏழு நீலப் பட்டைகள், ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல் நேராக இருந்தன. உண்மையில் அழகாகத்தான் இருந்தன. நிம்மதியாக அதை இழுத்தாள். திரை வரவில்லை. பலமாக இழுத்தாள். அப்பளம் நொறுங்குவதுபோல் சத்தம் கேட்டது. துணி முறைத்துக்கொண்டு அப்படியே நின்றது. கம்பியில் வளையங்கள் மட்டும் நகர்ந்தன.

"பெயிண்ட்ல தண்ணி கலந்தீங்களா?"

"கலக்கச் சொன்னாங்க. நிறம் வெளுத்துடுமேன்னு கலக்கல."

"துணி பெயிண்ட்தானே?"

"மாடிச் சுவருக்கு அடிச்சது மிச்சம் இருந்துச்சு. நல்ல பெயிண்ட்."

பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். தரையில் விரித்திருந்த செய்தித்தாள் பெயிண்டோடு ஒட்டிக் காய்ந்துபோயிருந்தது. வீடு விற்பனைக்கு, மணமகன் தேவை என்று தெருவில் போகிறவர்கள் படித்துக்கொண்டு போகலாம். கூடத்துத் தரையிலும் ஏழு நீலக் கோடுகள்.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது.

"மூணு நாளா நான் தூங்கலங்க. நேத்து ஒருத்தர் காய்ச்சலை இன்னொருத்தர் தாள்ல எழுதிட்டேன். அது மருந்தா இருந்திருந்தா? உங்களுக்கு வேலை இல்லன்னா சும்மா உக்காரக் கூடாதா? இந்த வெள்ளைத் திரை உங்களை என்ன பண்ணுச்சு?"

அவன் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். "போன மாசம் உன் தங்கச்சிகிட்ட போன்ல சொன்னியே," என்றான். "வீட்டுக்கு வந்து படுத்தாலும் இந்த வெள்ளைத் திரையைப் பாத்தா இன்னும் வார்டுலயே இருக்கற மாதிரி இருக்குன்னு."

அவளுக்குக் கோபம் இரட்டிப்பானது. இனி நிம்மதியாகக் கோபப்படக்கூட முடியாமல் செய்துவிட்டானே.

"அதை அன்னைக்கே என்கிட்ட சொல்லித் தொலைச்சிருந்தா, கடைக்குப் போய் நீலத்துல ரெண்டு வாங்கிட்டு வந்திருப்பேனே!"

"கடையில வாங்கறதுன்னா அப்புறம் நான் எதுக்கு?" என்றான் அவன், மிகவும் மெதுவாக.

அவள் போனை எடுத்து அவன் தங்கையைக் கூப்பிட்டாள். இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருப்பவள். அரை மணியில் வந்து, திரையை விரலால் சுண்டிப் பார்த்தாள். டொக் டொக்கென்றது.

"அண்ணா, இது திரையா, ஷட்டரா? பூட்டு போட்டா வீட்டுக்குக் காவலும் ஆச்சு."

"ஏதாவது பண்ண முடியுமா?" என்று கேட்டாள் நர்ஸ்.

"இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. பெயிண்ட் படாதது இன்னொண்ணு இருக்கில்ல? ஜோடிக்குக் கூடத்துத் திரையில ஒண்ணைக் கழட்டலாம், அதே துணிதான்." பிறகு நர்ஸின் முகத்தைப் பார்த்தாள். "அண்ணி, கண்ணெல்லாம் இப்படிச் சிவந்திருக்கே. முதல்ல தூங்குங்க."

"எப்படித் தூங்கறது, இந்த வெளிச்சத்துல?"

தையற்காரி அலமாரியைத் திறந்து ஒரு தடித்த போர்வையை எடுத்தாள். ஸ்டூலில் ஏறி, நாலு கிளிப் போட்டு ஜன்னல் கம்பியில் மாட்டினாள். அறை இருண்டது.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று நாளாக இரண்டு பேருக்கும் இது தோன்றவில்லை. சிரிப்பதற்குக்கூட அவளுக்குச் சக்தி இல்லை. அப்படியே சாய்ந்தவள் அன்று சாயங்காலம்தான் எழுந்தாள்.

அவளுடைய விடுமுறை நாளில் மூவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். துணி பெயிண்ட் வந்திருந்தது. அடியில் விரிக்க பிளாஸ்டிக் தாளும். டேப் ஒட்டுவது அவன் வேலை. ஓரங்களைக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்ப்பது தங்கையின் வேலை. பெயிண்ட் அடிக்க அவனை யாரும் விடவில்லை. நர்ஸ் பிரஷைத் தொட்டு, கிண்ணத்தின் விளிம்பில் வழித்துவிட்டு, புண்ணில் பஞ்சால் மருந்து வைப்பதுபோல் ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

"கொஞ்சம் தாராளமா அடியேன்," என்றான் அவன்.

"பேசாதீங்க."

காய்ந்ததும் தங்கை பின்பக்கம் இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். மாட்டினார்கள். இழுத்ததும் திரை வழுக்கிக்கொண்டு வந்தது. மூவரும் தள்ளி நின்று பார்த்தார்கள். இரண்டு திரையும் சேரும் இடத்தில், இடது பக்கப் பட்டைகள் வலது பக்கத்தைவிட ஒரு விரல் கீழே இருந்தன. கூடத்துத் திரையின் மேல்மடிப்பு கொஞ்சம் பெரியது. டேப் ஒட்டும்போது அதை யாரும் கவனித்திருக்கவில்லை.

அவன் கை மெல்லச் சட்டைப் பைக்குள் இருந்த அளவு டேப்பைத் தேடியது.

"அதை வெளிய எடுத்தீங்க, அவ்வளவுதான்," என்றாள் அவள்.

"ஒரு விரல்தான். மேல மடிப்பைப் பிரிச்சு..."

"கண்ணுக்கே தெரியல. யாரு பாக்கப்போறா? விடுங்க."

அடுத்த இரவுப் பணி முடிந்து காலையில் வந்து திரையை இழுத்துவிட்டுப் படுத்தாள். வீட்டில் ஓர் ஊசி விழும் சத்தம்கூட இல்லை. ஏழு மணி நேரம் அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். விழித்தபோது துணி வழியாக மாலை வெளிச்சம் வந்து அறை மங்கிய நீலமாக இருந்தது. அவள் புரண்டு படுத்து ஜன்னலைப் பார்த்தாள். அந்த ஒரு விரல் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. கண்ணை வேறு பக்கம் திருப்பினாள். திரும்பவும் கண் அங்கேயே போய் நின்றது. ஏழு பட்டையிலும், மேலிருந்து கீழ்வரை.

கதவு லேசாகத் திறந்தது. "டீ போட்டிருக்கேன். பட்டை உறுத்தலையே?" என்று கேட்டான் அவன்.

"சேச்சே, எனக்குத் தெரியவே இல்ல," என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.