வெள்ளை நாடா கட்டிய பெட்டி

பெட்டிகள் தட்டையாக வந்தன. இருபத்தைந்து அட்டைகள், ஒரே கட்டு. கட்டைப் பிரித்து முதல் அட்டையை எடுத்தேன். கோடு போட்ட இடத்தில் மடித்தேன். கிழிந்தது.

"அத்தான், இது மண்ணு இல்ல. மெதுவா," என்றாள் டோல்கின்.

நான் பொக்லைன் ஓட்டுபவன். டோல்கின் என் மனைவி மக்பாலின் தங்கை. எங்கள் ஊர் தல்திகோர்கனில் அத்தானைக் கிண்டல் செய்வது மச்சினியின் உரிமை. பதிலுக்குக் கிண்டல் செய்யும் உரிமை அத்தானுக்கும் உண்டு. ஆனால் எனக்குப் பதில் உடனே வராது. இரண்டு நாள் கழித்து, வண்டியில் தனியாக இருக்கும்போது வரும்.

அன்று மதியம் லெப்சியிலிருந்து சம்பந்தி வீட்டார் வருவதாக இருந்தது. டோல்கினுக்கும் எல்தோஸுக்கும் எல்லாம் பேசியாகிவிட்டது, தேதி மட்டும் பாக்கி. எல்தோஸின் அம்மா ரைஹான், கல்யாணத்தை அடுத்த வசந்தத்தில் வைக்கலாம் என்றார். அக்டோபரில் எல்தோஸ் வேலைக்காக அக்தாவுக்குப் போகிறான், இரண்டு வருடம். நாட்டின் அந்தக் கோடி. செப்டம்பரில் கல்யாணம் நடந்தால் டோல்கின் கூடப் போகலாம். இல்லையென்றால் போனில்தான் குடித்தனம்.

"அதுக்கு உங்க பொக்லைனைக் கட்டிக்கலாம். பக்கத்துலயாவது நிக்கும்," என்றாள் டோல்கின்.

விருந்துக்கு வந்தவர் வெறுங்கையோடு போகக் கூடாது. மேஜையில் இருந்ததில் ஒரு பங்கு அவரோடு போக வேண்டும். அதுதான் சர்கித். மற்ற வீடுகளில் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுப்பார்கள். மக்பால் பேக்கரி வைத்திருக்கிறாள். பைக்கு அவள் சம்மதிக்கவில்லை. அதனால் பேக்கரியின் பின்னறையில் நான் அட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.

நான்காவது அட்டையில் பிடிபட்டது. முதலில் நான்கு பக்கத்தையும் நிமிர்த்த வேண்டும். மூலைக் காதுகளை உள்ளே தள்ள வேண்டும். முன்பக்கத்தை அவற்றின் மேல் மடித்து அடியிலுள்ள துளையில் செருக வேண்டும். கடைசியாக மூடி. மூடியின் நாக்கு முன்பக்கத்துக்குள் போனால் டக் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

"ஏன் மூடுறீங்க? அக்கா பலகாரம் போட வேண்டாமா?"

"வெறும் பாத்திரத்தைத் திறந்து வைக்கக் கூடாது. ஷைத்தான் வந்து உட்காருவான்."

"அட்டைப்பெட்டியிலயா?"

"எங்கம்மா பால் வாளியை ஒரு நிமிஷம் திறந்து வெச்சதில்ல."

"நீங்க மடிச்சதுல உட்காந்தா அவனுக்கு முதுகு பிடிச்சுக்கும். அவனே எந்திரிச்சுப் போயிடுவான்."

அடுத்த அட்டையை எடுத்தேன். மடித்தேன்.

பதினோராவது பெட்டி பிசகில்லாமல் வந்தது. எந்தப் பக்கமும் துருத்தவில்லை. அதைச் சம்பந்தியம்மாவுக்கென்று தனியே எடுத்து வைத்தேன். வெள்ளை நாடா ஒன்று கிடந்தது. கட்டினேன்.

விருந்து நன்றாகவே நடந்தது. மக்பால் கையில் மாவை எடுத்துக்கொண்டு போய்ச் சம்பந்தியின் இரண்டு கன்னத்திலும் பூசினாள். வழக்கம்தான். எல்லோரும் சிரித்தார்கள். ரைஹான் மட்டும் கைக்குட்டையை எடுத்துக் கணவரின் கன்னத்தைத் துடைத்துவிட்டார். அந்த அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை. எல்தோஸும் பார்த்ததில்லையாம்.

தேநீர் மூன்றாவது சுற்று வந்தபோது மக்பால் தேதியை எடுத்தாள்.

"ஊருக்குப் போய்ச் சொல்றேன்," என்றார் ரைஹான்.

டோல்கின் கிண்ணங்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். என் கிண்ணத்தில் மட்டும் பாலே ஊற்றவில்லை.

வாசலில் பெட்டிகளைக் கொடுத்தோம். நாடா கட்டியதை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ரைஹான் இரண்டு கையாலும் வாங்கினார். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"யார் மடிச்சது?"

"நான்தான் சம்பந்தியம்மா."

"மடிப்பு நல்லா இருக்கு."

காரில் அதை மடியில் வைத்துக்கொண்டார். கார் திருப்பத்தில் மறையும்வரை நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

உள்ளே மக்பால் ஒரு தட்டைப் பார்த்தபடி நின்றாள். தட்டில் தேன் சொட்டும் சக்-சக் பலகாரம், பொரித்த மாவு உருண்டைகளான பாவுர்சாக், தாளில் சுற்றிய குதிரை இறைச்சித் துண்டு. இருந்ததிலேயே நல்ல துண்டு.

"இது சம்பந்தியம்மாவோட பங்கு," என்றாள். "கடைசியாப் போடலாம்னு எடுத்து வெச்சேன். பெட்டி எங்க?"

"குடுத்தாச்சே. மூடி நாடா கட்டியிருந்ததே," என்றாள் டோல்கின். "நீ போட்டுட்டேன்னு நினைச்சேன்."

"நான் எங்க போட்டேன்?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

விருந்தாளி எல்லோருக்கும் பங்கு போயிருந்தது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மட்டும் காற்று. அதுவும் நாடா கட்டி.

மக்பால் போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தாள். மூன்றாவது முறை அணைத்து வைத்திருந்தார்கள்.

"நான் வண்டியை எடுத்துட்டுப் போறேன்," என்றேன்.

"போய் என்ன சொல்வீங்க?"

"ஷைத்தானைப் பத்திச் சொல்வேன்."

"பேசாம உட்காருங்க."

உட்கார்ந்தேன். டோல்கின் தட்டுகளைக் கழுவினாள். பாத்திரம் மோதும் சத்தம்கூட வரவில்லை. ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். மண்வெட்டி, கரடி, குருட்டு ஒட்டகம், எதுவாக இருந்தாலும் கேட்டுக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். எட்டு வருடத்தில் அவள் என்னைக் கிண்டல் செய்யாமல் விட்டது அன்று மட்டும்தான்.

மறுநாள் மதியம் லெப்சி மினிபஸ் ஓட்டுநர் பேக்கரிக்கு வந்தார். ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். மக்பால் பிரித்தாள்.

என் பெட்டி. தட்டையாக.

முன்பக்கத்தைத் துளையிலிருந்து எடுத்து, காதுகளை ஒவ்வொன்றாகப் பிரித்திருந்தார்கள். ஒரு கிழிசல் இல்லை. மேலே அதே வெள்ளை நாடா.

"திருப்பி அனுப்பிட்டாங்க," என்றாள் மக்பால். மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

டோல்கின் நாடாவை அவிழ்த்தாள். அட்டையைத் திருப்பினாள். பெட்டியின் உள்பக்கம், அடிப்பக்கத்தில், நீலப் பேனாவில் எழுதியிருந்தது. முதலில் மனதுக்குள் படித்தாள். பிறகு வாய்விட்டுப் படித்தாள்.

"வெறும் பாத்திரத்தைத் திருப்பி அனுப்புற பழக்கம் எங்க வீட்ல இல்ல. அதனால பிரிச்சு அனுப்பியிருக்கேன். இப்போ இது பாத்திரம் இல்ல, வெறும் அட்டை. கல்யாணம் செப்டம்பர் பன்னிரண்டு, சனிக்கிழமை. பெட்டி மடிச்சவரையே இதை நிரப்பி எடுத்துட்டு வரச் சொல்லுங்க. மடிப்பு நல்லாத்தான் இருக்கு. மனுஷன் முகத்தைப் பார்த்தப்பவே தெரிஞ்சுது, உள்ள ஒண்ணும் இருக்காதுன்னு."

மக்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவங்களா? ரைஹானா எழுதினது?"

டோல்கின் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. திரும்பியபோது கண் சிவந்திருந்தது.

"அத்தான்."

"என்ன?"

"மடிங்க."

மடித்தேன். பக்கங்களை நிமிர்த்தினேன், காதுகளைத் தள்ளினேன், முன்பக்கத்தைச் செருகினேன். தேதி பெட்டிக்குள் அடியில் போய்க் கிடந்தது. கை தானாக மூடிக்குப் போனது.

"மூடாதீங்க!" இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

பேக்கரித் தட்டிலிருந்து ஒரு பாவுர்சாக்கை எடுத்து உள்ளே வைத்தேன். மூடினேன். டக்.

"ஒண்ணுதானா?" என்றாள் டோல்கின். "முதல்ல காத்து, இப்போ ஒரு உருண்டை. இந்த வேகத்துல போனா என் பேரன் கல்யாணத்துக்குப் பெட்டி நிறைஞ்சிடும். பொக்லைன்ல அள்ளிப் போடச் சொன்னா மட்டும் ஒரே அள்ளுல போடுவீங்க. கைன்னா நோகுது, இல்ல?"

எனக்கு ஒரு பதில் தோன்றியது. நல்ல பதில். முதல் தடவையாக நேரத்துக்கு வந்தது.

சொல்லவில்லை. அவள் பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.