விருமாண்டியின் சிரிப்புப் பாக்கி

திருப்பரங்குன்றத்தில் புத்தகக்கடை வைத்திருந்த விருமாண்டி, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில், செத்து ஒரு நாள் ஆன பிறகு, கண்ணாடி ஐஸ் பெட்டிக்குள் படுத்தபடியே சிரித்தார். வாசலில் கொட்டு முழங்கிக்கொண்டிருந்ததால் முதல் சிரிப்பு பலருக்குக் கேட்கவில்லை. இரண்டாவது சிரிப்பு தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்டது. பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாதி வரியில் நின்று, திறந்த வாயை மூட மறந்தார்கள். கொட்டுக்காரர்களில் ஒருவர் குச்சியைப் போட்டுவிட்டு ஓடியே போனார். மாலை வாங்கி வந்த ஒருவர் மாலையோடேயே திரும்பிவிட்டார். பக்கத்துத் தெரு டாக்டரைக் கூட்டிவந்தார்கள். அவர் நாடி பிடித்து, கண்ணில் டார்ச் அடித்து, நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, இறந்துவிட்டார் என்றார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது மூன்றாவது சிரிப்பு கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே போய்ப் பார்த்து, இப்போதும் இறந்துதான் இருக்கிறார் என்றார். சிரிக்கும்போது கண்ணாடியில் துளி ஆவி படியவில்லை என்பதை எல்லோருக்கும் காட்டினார். மூச்சு இல்லை, சிரிப்பு மட்டும் இருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய என்று கேட்டுவிட்டுப் போனார். சுடுகாட்டைப் பார்த்துக்கொள்ளும் பேயாண்டிக்கு விஷயம் எட்டியது. சிரிக்கிற ஆளுக்குத் தன்னால் தீ வைக்க முடியாது, சிரித்து முடித்த பிறகு கொண்டுவாருங்கள் என்று அவர் சொல்லி அனுப்பினார்.

செத்தவர் சிரித்தது பாதி அதிர்ச்சிதான். சிரித்தவர் விருமாண்டி என்பதுதான் மீதி. அந்த மனிதர் சிரித்து ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. அவருடைய கல்யாணத்தில் போட்டோக்காரர் கெஞ்சிக் கூத்தாடிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்குப் பல்வலி போல என்று தானே முடிவு கட்டிக்கொண்டாராம். சிடுமூஞ்சி என்று சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கடனாகக் கொடுப்பார், அட்டை கிழிந்த கைடை ஒட்டிக் கொடுப்பார், யாரையும் ஒரு கடுஞ்சொல் சொல்ல மாட்டார். சிரிப்பு மட்டும் வராது. இது என் முகத்தைப் பார்த்துத்தான் வரவில்லை என்று கல்யாணமான முதல் வருடமே அவர் மனைவி அழகம்மாள் தீர்மானித்துவிட்டாள். அந்தத் தீர்மானத்தோடுதான் முப்பத்தைந்து வருடம் உலை வைத்தாள், மகன் அழகுராஜாவை வளர்த்தாள், ராத்திரியில் அவருக்குக் கால் வலித்தால் தைலம் தேய்த்தாள். வெளியே சொல்லவில்லை. உள்ளே அது முள்ளாகக் கிடந்தது.

தாமரைச்செல்வி பசுமலைக்காரி. மதுரை டவுனுக்குள் சிரிப்புப் புத்தகம் மட்டுமே போடுகிற சிஹாபுதீன் பாயின் பதிப்பகத்துக்காக, டிசம்பர் பிறந்துவிட்டால் ஸ்கூட்டரில் பையை மாட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவாள். வருடத்துக்கு ஒரே ஒரு புதுப் புத்தகம், அதுவும் கிறிஸ்துமஸுக்கு. பொங்கலுக்குக் காலண்டரும் கோலப் புத்தகமும் போகும், தீபாவளிக்கு மலர்கள் போகும், சிரிப்பு விலைபோவது கிறிஸ்துமஸுக்குத்தான் என்பது பாயின் கணிப்பு. அரையாண்டுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும். சொந்தபந்தம் வந்து நிறைந்திருக்கும். கேக்கைத் தின்று முடித்த மறுநாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அலுத்துவிடும். அப்போது சிரிக்க ஏதாவது வேண்டுமல்லவா என்பார். தொப்பி போட்ட பாய் கிறிஸ்துமஸுக்குப் புத்தகம் போட்டு, விபூதி பூசிய கடைக்காரர்களிடம் விற்பதை மதுரையில் யாரும் விசித்திரமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் வைத்திருந்த விதிதான் விசித்திரம். கல்லா முன்னால் நின்று ஒரு கதையைச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். கடைக்காரர் சிரித்தால் புத்தகங்களை வைத்துவிட்டு வரலாம். சிரிக்காவிட்டால் ஒரு பிரதிகூட வைக்கக் கூடாது. சிரிக்காதவன் அதைப் பிளஸ் டூ கைடுக்கு அடியில் போட்டு அமுக்கிவிடுவான், சிரித்தவன்தான் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டுவான் என்பது பாயின் கட்சி. இதைத் தெரிந்துகொண்ட பசுமலைக் கடைக்காரர் தவசி, அவள் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே சிரிக்க ஆரம்பித்துவிடுவார். அந்தச் சிரிப்பு செல்லாது என்று அவள் முதலிலிருந்து வாசிப்பாள்.

விருமாண்டி கடையில் பத்துப் பதினோரு கிறிஸ்துமஸ் வாசித்திருக்கிறாள். முதல் வருடம், ஷேர் ஆட்டோ மாறி ஏறி வேறு மண்டபத்துக்குப் போய் மாலையும் கழுத்துமாக மாட்டிக்கொண்ட மாப்பிள்ளையின் கதை. அப்புறம், ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி இருக்க வேண்டிய இடத்தில் எருமை மாட்டின் படம் அச்சாகி, அந்த எருமை ஓட்டுச்சாவடி வரைக்கும் போன கதை. விருமாண்டி ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைப்பார், ஸ்டூலைத் துடைத்துப் போடுவார், வாடிக்கையாளர் வந்தால் கையமர்த்தி நிறுத்துவார். கரண்ட் பில் தொகையைக் கேட்கிற முகத்தோடு கடைசி வரி வரைக்கும் கேட்பார். கேட்டுவிட்டு, "அடுத்த வருசம் வா தாயி" என்பார். விதிப்படி அவள் பையை மூடிக்கொண்டு கிளம்புவாள். இவருக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள் என்று பாயிடம் மன்றாடியும் பார்த்தாள், பாய் மசியவில்லை. இந்த வருடம் வாசித்தது, சாமி வந்து ஆடிக்கொண்டிருந்தவரின் இடுப்பில் செல்போன் அடிக்க, அவர் எடுத்து, ஆடிக்கிட்டிருக்கேன், அப்புறம் பேசுறேன் என்று சொன்ன கதை. டவுனில் ஒரு கடைக்காரர் அதைக் கேட்டு நாற்காலியோடு சாய்ந்தார். விருமாண்டி வழக்கம்போலக் கேட்டுக்கொண்டார், வழக்கம்போல அடுத்த வருடம் வரச் சொன்னார். மறுநாள் காலை கடை ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

தாமரைச்செல்வி மாலையோடு வந்தபோது துக்கத்துக்கு வந்த கூட்டம் முழுக்கத் தெருவின் எதிர்ப்பக்கம் ஒதுங்கி நின்றது. உள்ளே பெட்டி மேல் கையை வைத்தபடி அழகம்மாள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அழகுராஜா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அழுகையைவிட அவமானம்தான் அவனுக்கு அதிகம். பெட்டிக்குள்ளிருந்து இரண்டு குட்டிச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் நின்றது, பிறகு அடக்க மாட்டாமல் ஒரு பெரிய சிரிப்பு வெடித்தது. தாமரைச்செல்விக்குக் கையிலிருந்த மாலை நழுவியது. கடை கடையாக வாசித்ததில் எந்த வரிக்கு எப்படிச் சிரிப்பு விழும் என்பது அவளுக்கு அத்துப்படி.

"ஐயையோ, எருமை ஓட்டுப் போடப் போற எடம்மா இது" என்றாள், தான் நிற்பது எழவு வீடு என்பதையும் மறந்து.

சொன்னால் யார் நம்புவார்கள். பழைய வருடத்துப் புத்தகங்களும் எப்போதும் கிடக்கும் பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து வாசித்தாள். எங்கெங்கே சிரிக்க வேண்டுமோ அங்கங்கே விருமாண்டி சிரித்தார். ஒரு வரி முந்தவில்லை, ஒரு வரி பிந்தவில்லை. எதிர்ப்பக்கம் நின்றவர்கள் முதலில் மிரண்டார்கள், பிறகு இரண்டு எட்டு முன்னால் வந்தார்கள், அதற்கு அடுத்த வருடத்துப் புத்தகத்தை அவள் பிரித்தபோது வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு பெட்டியைச் சுற்றி நின்றார்கள். அவள் போனில் பாயிடம் அழுதுகொண்டே சொன்னாள். பாய் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "சிரிச்சிட்டார்லம்மா? எல்லா வருசத்துக்கும் சிரிச்சா எல்லா வருசப் புத்தகத்தையும் வச்சிட்டு வந்துரு" என்றார். எழவு வீட்டில் கடைச் சாவி கேட்கக் கூசி, அவள் பிரதிகளை வாசலோரம் அடுக்கி வைத்தாள்.

அழகம்மாள் மட்டும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. ஒவ்வொரு சிரிப்புக்கும் அவள் முகம் இறுகிக்கொண்டே போனது. கடைசியில் எழுந்து நின்றாள்.

"வருசத்துல ஒரு நா வந்து வாசிச்சவளுக்கு இம்புட்டுச் சிரிப்பச் சேத்து வச்சிருக்காரு. கூடவே கெடந்தேனே, எனக்கு ஒண்ணுகூடவா இல்ல?"

தாமரைச்செல்விக்கு அந்த இடத்திலேயே பூமி பிளக்காதா என்றிருந்தது. அழகம்மாள் பெட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். "எனக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையான்னு தெரியணும். தெரியாம இந்த ஆளத் தூக்க விடமாட்டேன். எவன் வந்தாலுஞ் சரி."

பாக்கிப் புத்தகங்களை வாசித்து முடிக்கப் பிற்பகல் ஆனது. சாமியாடி போனை எடுத்த இடத்தில் விருமாண்டி சிரித்த சிரிப்பில் பெட்டி மேலிருந்த சம்பங்கி உதிர்ந்தது. அதோடு நின்றது. ஐஸ் பெட்டியின் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது. மெயின் ரோட்டில் பசுமலைப் பக்கம் போகிற வேனிலிருந்து கிறிஸ்துமஸ் பாட்டு வந்து, தேய்ந்து, போனது. அழகுராஜா மெல்ல வந்து, "முடிஞ்சிருச்சும்மா, பொழுது சாயிறதுக்குள்ள எடுக்கணும்" என்றான். அழகம்மாள் அசையவில்லை. மறுபடி சொன்னான். அவள் கை தளர்ந்து கண்ணாடியிலிருந்து விலகியது. அந்த நேரத்தில் அப்படியொரு வெறுமை அந்த முகத்தில் இருந்ததாக, பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்லி வருத்தப்படுகிறார்கள்.

அப்போது இன்னொரு சிரிப்பு வந்தது. இதுவரை வந்த மாதிரி இல்லை. மூக்கால் வந்தது, யாருக்கோ தெரியாமல் மறைக்கிற சிரிப்பு. எல்லோரும் தாமரைச்செல்வியைப் பார்த்தார்கள். அவள் பையைத் துழாவி, எல்லாப் புத்தகத்தையும் புரட்டிவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"இது என் புத்தகத்துல இல்லம்மா."

அழகம்மாள் கண்ணாடியில் காதை வைத்தாள். "சைக்கிளு" என்றாள். கல்யாணமான புதுசில் கீழக்குயில்குடியில் இருந்த தாய் வீட்டுக்கு அவளைக் கேரியரில் வைத்து மிதித்துக்கொண்டு போனாராம். கண்மாய்த் திருப்பத்தில் அவள் வழுக்கி விழுந்துவிட்டாள். அவருக்குத் தெரியவில்லை. புது வீட்டு வாடகையைப் பற்றி அவளிடம் பேசிக்கொண்டே அய்யனார் கோயில் வரைக்கும் போய்விட்டார். திரும்பித் தேடி வந்தபோது, அவள் நடுரோட்டில் உட்கார்ந்து தாய்க்கு வாங்கிய அதிரசத்தைத் தின்றுகொண்டிருந்தாள். அவர் ஒரு வார்த்தை பேசாமல் அவளை ஏற்றிக்கொண்டு, வழி முழுக்க இதே மாதிரி மூக்கால் மூச்சு விட்டபடி மிதித்தார். கோபம் என்று நினைத்து அவள் தாய் வீட்டில் இரண்டு நாள் அழுதாள். அழகம்மாள் அதிரசம் என்று சொன்னதும் பெட்டிக்குள் சிரிப்பு பீறிட்டது, பெட்டியே குலுங்கியது.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அழகம்மாளுடையது. முதன்முதலில் குக்கர் விசில் அடித்ததற்கு முருகா என்று கத்தி அவள் தெருவுக்கு ஓடியது. எலிப்பொறி வேலை செய்கிறதா என்று தன் விரலையே விட்டுப் பார்த்தது. பேங்க் மேனேஜரைக் கண்டக்டர் என்று நினைத்து ஒத்தக்கடைக்கு டிக்கெட் கேட்டது. ஒரு சிரிப்பு விழும், அவள் இது இன்னது என்பாள், அடுத்தது விழும். பத்து வருடத்துப் புத்தகங்களுக்கு வந்த சிரிப்பு இதற்குக் கால் தூசி பெறாது. அவளும் சிரித்தாள், சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் கொட்டியது, கண்ணாடியை உள்ளங்கையால் அடித்தாள். "பாவி மனுசா, அப்பவே சிரிச்சிருந்தா கொறஞ்சா போயிருப்ப?"

வெயில் இறங்கிவிட்டது. அழகம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தூக்குங்கப்பா, மிச்சத்த நடந்துக்கிட்டே கேட்டுக்கிறேன்" என்றாள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவதுதான் அந்தப் பக்கத்து வழக்கம், சுடுகாட்டுக்குப் போவதில்லை. அன்றைக்கு அவளை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. சிரிப்புக்குக் காரணம் தெரிந்த ஆள் கூட வர வேண்டாமா என்றுதான் பெரியவர்களும் கேட்டார்கள். பாடை போகும் வழியில் விருமாண்டி சிரிப்பார், தூக்குகிறவர்கள் நிற்பார்கள், அழகம்மாள் சொல்வாள், அவர்களும் சிரித்துவிட்டுத் தோள் மாற்றிக்கொண்டு நடப்பார்கள். இடையிடையே கொட்டும் முழங்கியது. ரோட்டோரக் கடைக்காரர்கள் வழக்கம்போல எழுந்து நின்று ஷட்டரைப் பாதி இறக்கினார்கள்.

சுடுகாட்டில் பேயாண்டி விராட்டி அடுக்கித் தயாராக வைத்திருந்தார். இறக்கி வைத்த பாடைக்குப் பக்கத்தில் வந்து முகத்தைக் குனிந்து பார்த்தார். அழகம்மாளிடம், "முடிஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டார்.

"இருப்பா. அழகுராஜா பொறந்தன்னிக்கு நடந்தது இன்னும் வரல" என்றாள் அவள்.

தோளில் தண்ணீர்க் குடத்தோடு நின்ற அழகுராஜா குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தாயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பேயாண்டி விராட்டிக் குவியல்மேல் துண்டை விரித்துக்கொண்டார். மற்றவர்களும் ஆளுக்கொரு இடம் பார்த்து உட்கார்ந்து காத்திருந்தார்கள்.